மே மாதத்துப் பாட்டில்

ஜனவரி 10

அன்புள்ள மூக்கா,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருடைய முட்டி மட்டும் நலமில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே திட்டுகிறார். நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலை முதலாளி, பெரியவர், ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். பத்து வருஷமாகச் சாதாரண ஓக் மரப் பீப்பாயில் தூங்கிக்கொண்டிருந்த விஸ்கியை, இனிப்பு வைன் இருந்து காலியான பீப்பாய்களுக்கு மாற்றிவிட்டேன். சில மாதம் அதில் கிடந்தால் மரத்தில் ஊறியிருக்கும் வைன் மெல்ல விஸ்கிக்குள் இறங்கும். சரியான மாதத்தில் எடுத்தால் சிங்கிள் மால்ட்டிலேயே இப்படி ஒன்று உண்டா என்பார்கள். அந்த மாதத்தைத் தாண்டவிட்டால் தித்திப்பு ஏறி ஜாம்.

பெரியவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "வருஷக் கடைசிக்குள்ள இது பேர் வாங்கினா நான் ஆலையை விக்கலை. இல்லேன்னா பசங்க காட்டுற எடத்துல கையெழுத்துப் போட்டுடுவேன்மா. எனக்கும் வயசாச்சு." வாங்கக் காத்திருப்பவர்களில் நீ விஸ்கி ருசிக்கிற கம்பெனியும் ஒன்று. அதனால் இது நம் இருவரோடு இருக்கட்டும். இந்தக் கிடங்கை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், சொல்?

முதல் சாம்பிள் இத்துடன் இருக்கிறது. வழக்கமான சட்டம்தான்: போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. நீ "தேன்" என்று சொன்னால் என் நாக்கிலும் தேன் ஏறிவிடும். என் குறிப்பு உள் உறையில் ஒட்டியிருக்கிறது. நீ ருசித்து, உன் குறிப்பை எழுதி முடித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும்.

எப்போது எடுக்கலாம் என்பதை உன் மூக்கு சொல்லட்டும். அதை நம்பித்தான் இறங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பல் விழுந்துவிட்டது, அதைத் தீப்பெட்டியில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குட்டி காட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தானின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அவர் திட்டினாலும் கொடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்காமல், காப்பி குடிக்காமல், உன் பாட்டிலைத் திறந்தேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்த வாசனை. சிரிக்காதே, அதுதான் வந்தது. பிறகு உலர்திராட்சை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கருகத் தொடங்கிய சர்க்கரை. வாயில் வைத்தால் முதலில் நம் பழைய விஸ்கிதான், முரட்டுத்தனமாக. வைன் இன்னும் வாசலிலேயே நிற்கிறது, உள்ளே வரக் கூச்சப்படுகிறது. விழுங்கிய பிறகுதான் அடித்தொண்டையில் ஒரு துளி இனிப்பு, அதுவும் உடனே ஓடிவிடுகிறது. அவசரப்படாதே, இது ஆரம்பம்தான்.

இதை எழுதிவிட்டுத்தான் உன் உறையைப் பிரித்தேன். நீ "புதுத் தோல்" என்று எழுதியிருக்கிறாய். நான் செருப்புப் பெட்டி என்கிறேன். நாம் அக்கா தம்பி என்று கோர்ட்டில் நிரூபிக்க இது போதும்.

மிச்சத்தை ஆபீஸுக்கு எடுத்துப்போனேன், மதியம் இன்னொரு முறை பார்க்கலாம் என்று. எங்கள் கம்பெனி டைரக்டர் மேஜைப் பக்கம் வந்து, "என்னப்பா இது, லேபிள் இல்லாத பாட்டில்?" என்றார். இருமல் மருந்து என்றேன். மோந்து பார்த்துவிட்டு, "இந்த மருந்துக்கு நானே இருமலாம் போலிருக்கே" என்று சிரித்தார். நல்ல மனுஷர்.

அடுத்த பாட்டிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி


மே 12

அன்புள்ள மூக்கா,

நலம், நலமறிய ஆசை. அத்தான் ஒத்தடத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் அது தன் யோசனை என்கிறார்.

மார்ச் மாதப் பாட்டிலுக்கு நீ நாலே வரி எழுதியிருந்தாய். "நன்றாக வருகிறது, பொறு" என்பதை எங்கள் கிடங்குக் காவலாளிகூடச் சொல்வார். புது வீடு மாறிய அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். தலைமை ருசிப்பாளர் ஆகிவிட்டாயாமே! இதைக்கூட உன் மனைவி அத்தானிடம் போனில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? போகட்டும், வயிறு குளிர்ந்தது. அன்றைக்குக் கிடங்கில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தப் பாட்டிலை நிதானமாகக் குடி. என்ன நினைக்கிறேன் என்று இங்கே எழுத மாட்டேன், அது உள் உறையில் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: இன்று காலை ருசித்துவிட்டுக் கிடங்கு நடுவில் தனியாக நின்று சிரித்தேன். பீப்பாய் உருட்டுகிறவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஏறிடுச்சா?" என்றார். ருசி பார்த்துத் துப்பியதுக்கே ஏறுமா என்றேன்.

சீக்கிரம் பதில் போடு. இந்த முறை நாட்கள் முக்கியம்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். புதுப் பொறுப்பு கழுத்தைப் பிடிக்கிறது.

மே மாதப் பாட்டில் அருமை. அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் தேன்மெழுகு. ஆனால் என் கருத்து, இன்னும் ஆகவில்லை. நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உன் குறிப்பைப் பிறகு பார்த்தேன். "இப்போதே எடுத்துவிட வேண்டும்" என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். உனக்கு ஆசை அதிகமாகிவிட்டது, அக்கா. ஆசை இருந்தால் நாக்கு விட்டுக்கொடுக்கும். இது நீயே சொல்வதுதான்.

பொறு. குறைந்தது ஆகஸ்ட் வரை. அவசரப்பட்டு எடுத்தால் திரும்ப உள்ளே ஊற்ற முடியாது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி


ஜூலை 6

அன்புள்ள மூக்கா,

நாங்கள் நலம். குட்டிக்கு ஒரு மழைக்கோட்டு அனுப்பியிருக்கிறேன், ஒரு அளவு பெரிதாக. அடுத்த வருஷமும் ஆகும்.

நீ சொன்னபடியே பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இங்கே பொறுப்பது நான் மட்டுமில்லை. பெரியவர் தினமும் வந்து தட்டிப் பார்க்கிறார், என்னவோ பீப்பாய் உள்ளிருந்து பதில் சொல்லப்போகிற மாதிரி. "என்னம்மா, இன்னும் ஆகலையா? மே மாசமே ஆயிடுச்சுன்னு நீதானே குதிச்சே?" என்கிறார். "என் தம்பி ஆகலைங்கிறான் ஐயா. அவன் மூக்குக்கு முன்னாடி என் நாக்கு எம்மாத்திரம்" என்றேன். அவர் இன்னொரு முறை பீப்பாயைத் தட்டிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. ருசிக்கும்போதெல்லாம் காலியாக இருப்பதாக நீ சொன்ன அந்த இடத்தைத் தேடுகிறேன். சில நாள் இருக்கிறது போலவும் தோன்றுகிறது.

இந்த மாதப் பாட்டில் இத்துடன். அத்தானை டாக்டரிடம் கூட்டிப்போகிற அவசரத்தில் கட்டுகிறேன், காகிதம் தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழைக்கோட்டு வந்தது. குட்டி அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறாள். டாக்டர் என்ன சொன்னார்?

இந்த மாதம் நல்ல மாற்றம். அத்திப்பழம் இன்னும் கனிந்திருக்கிறது. தேன், பாதாம், முடிவில் லேசாக இலவங்கப்பட்டை. வைன் இப்போது கூச்சத்தை விட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. ருசித்து முடித்து உன் குறிப்பைப் பார்த்தால் கிட்டத்தட்ட அதேதான்! ஆனாலும் இன்னும் இரண்டு மாதம் விடு. சரியான வழியில் போகிறது.

அன்புத் தம்பி


ஆகஸ்ட் 2

மூக்கா,

நலம்தானே?

உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் அலமாரியைத் துடைத்தேன். உனக்கு அனுப்ப வேண்டிய ஜூலைப் பாட்டில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பீப்பாயை வைன் பக்கமே காட்டாமல் பழைய ஓக்கில் வைத்திருக்கிறேன் அல்லவா, அவசரத்தில் அதிலிருந்து எடுத்ததைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே பழுப்புக் கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள் உறையில் போனது மட்டும் சரியான குறிப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏய் அக்கா, என்ன கண்றாவியை அனுப்பியிருக்கே, வைனைக் காணோமே" என்று எழுதுவாய் என்று காத்திருந்தேன். அத்தானிடம்கூடச் சொல்லிவைத்தேன், பாருங்கள், இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று.

அத்திப்பழம் என்று எழுதியிருக்கிறாய். தேன், பாதாம், இலவங்கப்பட்டை. எல்லாம் என் குறிப்பில் உள்ளவை, அதே வரிசையில். அந்தப் பாட்டிலில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. கண் தெரியாதவர் காலி வீட்டைப் பார்த்து வர்ணித்ததுபோல் இருக்கிறது.

நீ அதைக் குடிக்கவில்லை. உறையைத்தான் பிரித்திருக்கிறாய். ஏன்? என் பாட்டில் எங்கே?

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆனது வெட்கத்தால்தான்.

எனக்கு மே மாதத்திலிருந்து தீராத சளி. மூக்கு அடைத்து, ஒரு வாசனையும் தெரியவில்லை. தலைமை ருசிப்பாளர் பதவி கையில் வந்த நேரம், மூக்கு போய்விட்டது என்று வெளியே சொல்ல முடியுமா? உன்னிடம் சொன்னால் நீ பதறுவாய். அதனால் உன் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டேன். பாட்டில் வீட்டில்தான் இருக்கிறது, பத்திரமாக. இப்போது கொஞ்சம் தேவலை; மிச்சம் இருந்த மே மாதப் பாட்டிலை நேற்று ருசித்துப் பார்த்தேன், நடுவில் அந்த இடம் காலிதான். உன் தம்பியை மன்னிக்கமாட்டாயா?

கடைசியாக ஒன்று: பீப்பாயை இப்போதைக்குத் தொடாதே. பொறுத்தது பொறுத்தாய், அக்டோபர் தாண்டட்டும்.

அன்புத் தம்பி


நவம்பர் 5

தம்பி,

உன் சளியை நம்பினேன், அக்டோபர் தாண்டட்டும் என்றதையும் நம்பிப் பீப்பாயைத் தொடாமல் இருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், உன்னைச் சந்தேகப்பட்டேனே என்று. துளசி, மிளகு எல்லாம் இடித்துப் பொட்டலம் கட்டி அனுப்பினேனே, வந்ததா? பதிலே இல்லை. பெரியவரிடமும் போய் உனக்காகப் பேசினேன்: "அவனுக்கு உடம்பு சரியில்லை ஐயா, வேணும்னு செய்வானா?" அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் அன்றைக்குப் புரியவில்லை.

போன வாரம் எங்களுக்குப் பீப்பாய் விற்கிறவர் வந்தார். இன்னும் நாலு வைன் பீப்பாய் கிடைக்குமா என்று கேட்டேன். "எங்கம்மா இருக்கு? பிப்ரவரியிலேயே உங்க தம்பி கம்பெனி மொத்தமா அள்ளிட்டுப் போயிடுச்சே. அதே தோட்டத்து வைன், அதே அளவு பீப்பாய்தான் வேணும்னு கேட்டாங்க. உங்களுக்குள்ள பேசி வச்ச ஏற்பாடுன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிப்ரவரி! சளி மே மாதத்தில்தானே பிடித்தது?

நேற்று கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில், விளக்குப் போட்டு, உங்கள் புது விஸ்கி. இனிப்பு வைன் பீப்பாயில் முடித்த சிங்கிள் மால்ட், முதல் முறையாக என்று எழுதியிருந்தது. ஒரு பாட்டில் வாங்கிவந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து திறந்தேன். மோசமாக இருக்க வேண்டும் என்று எப்படி வேண்டிக்கொண்டேன் தெரியுமா? இல்லை. அது என் மே மாதத்துப் பாட்டில். அச்சு அசல். நான் கிடங்கு நடுவில் நின்று சிரித்த அதே ருசி. லேபிளின் பின்பக்கம் "அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், தேன்மெழுகு" என்று என் வார்த்தைகள். கீழே தலைமை ருசிப்பாளர் என்று உன் கையெழுத்து.

ஆக, பாட்டிலைப் பிரிக்காமல் டைரக்டர் மேஜைக்கு அனுப்பிவிட்டு, என் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, அதையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறாய். உங்களுக்கு எந்தப் பீப்பாய், எவ்வளவு நாள், எந்த ருசியில் நிறுத்துவது எல்லாம் நான்தான் ஒவ்வொரு பாட்டிலாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தபால் செலவும் என்னுடையது.

அதைக்கூட விட்டுவிடலாம் என்று நேற்று ராத்திரி முழுக்க நினைத்துப் பார்த்தேன். டைரக்டர் கேட்டார், வேலை போய்விடும் என்று பயந்தாய், ஒரு பாட்டில் கொடுத்தாய், அப்புறம் நிறுத்த முடியவில்லை. சரி, கோழை. உலகத்தில் கோழைகள் இல்லையா? ஆனால் "பொறு" என்று எழுதினாயே, அது என்ன? அது விஸ்கிக்காகச் சொன்னதல்ல. உங்கள் பாட்டில் முதலில் கடைக்கு வர வேண்டும், அதற்காக என்னைக் கட்டிப்போட்டாய். ஆசை வந்தால் நாக்கு விட்டுக்கொடுக்கும் என்று என் வார்த்தையை எடுத்தே என் வாயை அடைத்தாய்.

இன்று காலை பீப்பாயைத் திறந்தேன். ஜாம். இனிப்பு தொண்டையில் ஒட்டுகிறது, அதற்கு அடியில் மரத்தின் கசப்பு. பத்து வருஷத்து விஸ்கி. பெரியவர் ஒரு மடக்கு குடித்தார், கிளாஸை வைத்தார், மகனுக்குப் போன் போட்டார். கையெழுத்து அடுத்த வாரம். வாங்குவது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்னியன் செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அக்கா


நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம் என நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம்.

உன் கோபம் புரிகிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பார். பெரியவரின் மகன்கள் எப்படியும் விற்றிருப்பார்கள். இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம். வேறு யாராவது வாங்கியிருந்தால் கிடங்கைப் பூட்டி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் கம்பெனி வாங்கியதால்தான் கிடங்கு அப்படியே நடக்கப்போகிறது. நான்தான் பேசி முடித்தேன். ஒருவரையும் நிறுத்தக் கூடாது என்று டைரக்டரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். உனக்கும் அதே வேலை, இப்போதைவிட நல்ல சம்பளம். ஒரு விதத்தில் எல்லாமே உனக்காகத்தான் என்று வை.

புதுக் கிளையின் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் அங்கே இருப்பேன். இனி தபாலில் ருசிக்க வேண்டாம், ஒரே மேஜையில் உட்கார்ந்து ருசிக்கலாம். ஒரே இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டோமே, அது நடக்கிறது.

உன் மே மாதக் குறிப்பை டைரக்டர் மிகவும் பாராட்டினார். யார் எழுதியது என்று சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை. சொல்வேன்.

அத்தானின் முட்டிக்கு இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். கூட்டிவா.

உன் அன்புத் தம்பி


டிசம்பர் 11

தம்பிக்கு,

அத்தான் முட்டியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "மன்னித்துவிடு" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். நல்ல சம்பளம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், அது மட்டும் இல்லை. சளி பிடித்ததாகப் பொய் சொன்னபோதாவது மன்னிப்புக் கேட்டாய்.

நீ என்ன எடுத்துக்கொண்டு போனாய் என்று உனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். பாட்டிலை அல்ல. பெயரையும் அல்ல. மே மாதம் என் நாக்கு "ஆகிவிட்டது" என்று சொன்னது. அது சரியாகச் சொன்னது. நீ இல்லை என்றாய், நான் என் நாக்கைப் பொய் என்றேன். இப்போது எதை வாயில் வைத்தாலும் இது இனிப்புதானா என்று இன்னொருவரைக் கேட்கத் தோன்றுகிறது. நேற்று குழம்பில் உப்புச் சரியா என்று அத்தானைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் கேட்டதில்லை. அவர் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார்.

வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை நாலு விதமாக எழுதியும் பார்த்தேன், ரோஷமாக நன்றாகவே இருந்தது. ஆனால் பீப்பாய் உருட்டுகிறவரும் மற்றவர்களும், "நீங்க இருந்தாத்தான்க்கா நாங்க" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். எனக்கும் இந்த வயதில் வேறு தொழில் தெரியாது. அதனால் வருகிறேன். உன் கையெழுத்துப் போட்ட சம்பளச் சீட்டை வாங்கிக்கொள்வேன். பீப்பாயைப் பற்றி நீ கேட்பதற்கெல்லாம் உண்மையான பதில் சொல்வேன், எனக்குப் பொய் சொல்லி ருசிக்கத் தெரியாது. குட்டிக்கு நான் அத்தை, அதில் மாற்றமில்லை, விடுமுறைக்கு அனுப்பு.

திங்கட்கிழமையிலிருந்து உன்னை "சார்" என்று கூப்பிடுவேன். நீயும் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி "மேடம்" என்று கூப்பிடு. கிடங்கில் எல்லார் முன்னாலும் நீ "அக்கா" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லமாட்டேன். பழக்கதோஷம், பார்த்துவிடுவேன். அதனால்தான் கேட்கிறேன், கூப்பிடாதே.

இப்படிக்கு,
கிடங்கு மேற்பார்வையாளர்